தரை சூடாக இருந்த வீடு

மே 12, புதன், 1886

இன்று இரண்டே சீமாட்டிகள். குளிர் வந்துவிட்டால் தே வைரோவாவில் இப்படித்தான். வழி காட்டுகிறவர்கள் ஊர் நிறைய இருக்கிறோம், பார்க்க வருகிறவர்களைத்தான் காணோம். பெரிய ஏரியில் படகுக்காரர்கள் யாரும் பாடவில்லை, வாய் விறைக்கிறதாம். ஹிரினி அண்ணனுக்கு மட்டும் வாய் எந்தக் குளிரிலும் விறைக்காது. போகவர அவர் பேச்சுதான்.

வெந்நீர் ஊற்று வழிந்து வழிந்து கட்டிய வெள்ளைப் படிகளைக் காட்டிவிட்டு, சின்ன ஏரியைக் கடந்து, இளஞ்சிவப்புப் படிகளில் இருவரையும் குளிக்க வைத்தேன். அது என் வேலை. எந்தத் தொட்டி தோலை உரிக்கும், எதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். குளித்து முடித்த சின்னவள் பென்சிலை எடுத்துப் படியில் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். அதெல்லாம் செய்யாதே, தண்ணீர் மேலே ஓடி ஓடிக் கண்ணாடி மாதிரி மூடிவிடும், உன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அழியாது என்று கண்டித்தேன். அவள் மகிழ்ந்துபோய் இன்னும் பெரிய எழுத்தாக எழுதினாள். என் வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும்போது பூவாய்த் தீவில் இறங்கினேன். குளிர்காலத்துக்கு அக்காவும் எப்பிஹா அத்தானும் தே அரிகி ஊரிலிருந்து அங்கே வந்துவிடுவார்கள். தரைக்குள் கொதிக்கிற தீவு. அடுப்பு வேண்டாம், போர்வையும் வேண்டாம். தியாஹோ ஓடிவந்து, ஒரு கடி கடித்த உருளைக்கிழங்கை என் வாயருகே நீட்டினாள்.

"சித்தி, சுடும். ஊது."

ஊதினேன். வேறென்ன செய்வது?

நாலு வருடம் ஆகிறது. அவள் என் வயிற்றில் இருக்கும்போது மெரெபேகா அக்கா எல்லோர் முன்னாலும் வந்து உட்கார்ந்து கேட்டாள். கல்யாணமாகி ஏழு வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். நம்மவர்களிடம் இது பெரிய விஷயமே இல்லை. உடன்பிறந்தவளுக்கு வளர்க்கக் கொடுப்பது, குழந்தை இரண்டு வீட்டுக்கும் போய்வருவது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இவளுக்குப் பின்னால் வரிசையாக வரும் என்று நினைத்தேன். ஒன்றுகூட வரவில்லை.

அக்கா கேட்டதில் தப்பில்லை. நான் கொடுத்ததில் தப்பில்லை. பிறகு ஏன் அவள் "சித்தி" என்று கூப்பிடும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது?

வரும் வழியில் கூடையைத் தொட்டுப் பார்த்தேன். தியாஹோ பிறந்தபோது அக்கா நாரில் முடைந்தது, ஒரு முட்டைதான் கொள்ளும். வெள்ளைப் படிகளின் ஓரத்தில், யாருக்கும் தெரியாத மூலையில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் இருவரும் சேர்ந்து வைத்தோம். அங்கே எது வைத்தாலும் வெள்ளைக் கல்லாகிவிடும். படகுக்காரர்கள் பெரணி இலையை வைத்து எடுத்து, பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இது கொடுப்பதற்கில்லை. அவளுக்கு ஐந்து வயது ஆகும்போது எடுப்பதாகப் பேச்சு. கைப்பிடி கல்லாகிவிட்டது. அடிப்பாகம் இன்னும் வளைகிறது.

மே 16, ஞாயிறு

ஹிரினி அண்ணன் அக்காவிடமிருந்து செய்தி கொண்டுவந்தார். மோவுராவில் எப்பிஹா அத்தானின் சொந்தத்தில் ஒரு சாவு. அவர்கள் இருவரும் போய்த் தங்கி, பிறகு கூரை வேலையும் பார்க்க வேண்டுமாம். குழந்தையைப் பத்து நாள் வைத்துக்கொள்வாயா என்று கேட்கிறாள்.

வைத்துக்கொள்வாயாவாம்! செத்தவர் நல்ல மனிதர். இருந்தும், எழுதவே கூச்சமாக இருக்கிறது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மே 22, சனி

வந்துவிட்டாள். படகிலிருந்து ஹிரினி அண்ணன் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமுடியைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டு.

"இந்தா புடி உன் மகாராணிய. வழியெல்லாம் நான் துடுப்புப் போடறது சரியில்லன்னு திட்டிட்டு வரா. அப்படியே உன் வாய்," என்றார்.

அப்படியே உன் வாய். அந்த மூன்று சொல்லையும் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் இன்றைக்கு.

ஆனால் படுக்கப் போட்டதும் ஆரம்பித்தது. பாயில் படுத்தாள், எழுந்தாள், பாயைச் சுருட்டித் தரையில் காதை வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்.

"சித்தி, உங்க தரை செத்துப்போச்சா?"

பிறந்ததிலிருந்து அவள் படுத்த தரை சூடாக இருந்திருக்கிறது, உள்ளே குடுகுடுவென்று பேசியிருக்கிறது. நம் வீட்டுத் தரை சில்லென்று சும்மா கிடக்கிறது. தூங்குகிறது கண்ணே, குளிர்காலமில்லையா என்று சமாளித்தேன். நம்பவில்லை. அழவும் இல்லை, விழித்துக்கொண்டே கிடந்தாள். என் வீட்டுக்காரர் ரெவி எழுந்து போய், நாலு கல்லை நெருப்பில் சுட்டு, சாக்கில் சுற்றி அவள் பாய்க்கு அடியில் வைத்தார். அப்புறம்தான் கண் மூடினாள்.

மே 24, திங்கள்

தலைவாரிப் பின்னிவிட்டேன். முடி என்னுடையது, பொறுமை அக்காவுடையது.

மே 27, வியாழன்

காலையில் ஆளைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், குச்சியால் குழி தோண்டி, ஐந்து உருளைக்கிழங்கை உள்ளே போட்டு, இலையால் மூடி, பக்கத்தில் குந்திக் காத்துக்கொண்டிருக்கிறாள். பச்சைக் கிழங்கு, பனி ஈர மண்.

"என்னடி பண்றே?"

"சமைக்கறேன். நீயும் உக்காரு. சித்தப்பாவுக்கு ரெண்டு."

கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அவள் அடிக்கடி இலையைத் தூக்கி மூக்கை வைத்துப் பார்த்தாள். அந்த முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ரெவி அவளைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கிழங்குகளை எடுத்துப் பானையில் வேகவைத்து, சுடச்சுடக் குழிக்குள் திரும்ப வைத்து மூடினேன். கைவிரல் சுட்டுவிட்டது.

வந்து திறந்தாள். ஆவி பறந்தது. இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, "சித்தி! உங்க தரை முழிச்சிக்கிச்சு!" என்று கத்தினாள்.

சித்தப்பாவுக்கு இரண்டு கொடுத்தாள். ரெவி தின்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பொய் சொல்ற, ராஹெரா. பழகிடாதே."

மே 31, திங்கள்

இன்று காலை ஏரி என்னவோ செய்தது. படகுத்துறை ஓடையில் தண்ணீர் திடீரென்று வடிந்து, படகுகள் சேற்றில் சாய்ந்தன. பிறகு எங்கிருந்தோ திரும்ப வந்து நிரம்பியது. அதற்குள் ஏரியில் யாரும் அறியாத ஒரு படகு போனதாக ஊரெல்லாம் பேச்சு. பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் முகம் சரியில்லை.

நான் எதையும் பார்க்கவில்லை. என் கவனம் வேறெங்கோ இருந்தது. நாளை மறுநாள் தியாஹோவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஹிரினி அண்ணன் படகைத் தள்ளும் நேரத்தில் போய் நின்றேன். அக்காவிடம் சொல்லுங்கள், குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது, இந்தக் குளிரில் படகில் அனுப்ப முடியாது, இன்னும் பத்து நாள் போகட்டும் என்றேன். தியாஹோ என் பக்கத்திலேயே நின்று, கன்னமெல்லாம் சிவக்கக் கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சளியா?"

"ராத்திரியில இருமறா."

"ஓகோ," என்றார். அந்த மனிதர் அவ்வளவு குறைவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 2, புதன்

பதில் வந்துவிட்டது. அக்கா பூவாய்க்குத் திரும்பிவிட்டாளாம். மாரில் கொழுப்பைத் தடவு, ஈரத்தில் விடாதே, அவசரமில்லை, அடுத்த வாரம் வியாழக்கிழமை நானே வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கூடவே பஞ்சுப்புல்லில் சுற்றிய ஒரு பொட்டலம்.

கூடை! முழுக்க வெள்ளை. கைப்பிடி, அடி, ஒவ்வொரு நார்ப் பின்னலும் கல்.

"அஞ்சு வயசுக்குத்தானே எடுக்கறதா இருந்துச்சு?" என்றேன்.

"தண்ணி ஒரு மாதிரி தாறுமாறா பொங்குதாம். அடிச்சிட்டுப் போயிடும்னு பயந்து எடுத்துட்டா. கீழ போட்டுறாதேன்னு நூறு தடவ சொன்னா," என்றார் அண்ணன்.

தியாஹோ அதைச் சர்க்கரை என்று நினைத்து நக்கிப் பார்த்தாள். பிறகு என்னை மன்னித்துவிடுவது போல ஒரு பார்வை.

ஜூன் 5, சனி

ரெவிக்கும் எனக்கும் சண்டை. சண்டை என்றால் நான் கத்தினேன், அவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அக்கா வரும்போது கேட்கப்போகிறேன் என்று சொன்னேன். குழந்தையைத் திருப்பிக் கொடு என்று. ஊரில் நடக்காததா? போன வருடம்கூட ஒரு வீட்டில் அப்படி வாங்கிக்கொண்டார்கள்.

"அங்க நாலு புள்ளைங்க இருந்துச்சு. உங்க அக்காவுக்கு இவ ஒருத்திதான்," என்றார்.

"எனக்கு மட்டும் எத்தன பேர் இருக்காங்க?"

வலையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அவ இருந்தா நல்லாத்தான் இருக்கும், ராஹெரா. தெனமும் கல்லச் சுடறது யாருன்னு நெனச்சே? ஆனா கேக்கறதா இருந்தா நேரா கேட்டிருக்கணும். சளின்னு சொல்லிட்டு இல்ல."

அது உண்மை. உண்மை என்பதால்தான் கத்தினேன்.

ஜூன் 7, திங்கள்

அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மூன்று கூழாங்கல்லை ஜன்னலில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் ஒன்றை வெளியே எறி, எல்லாம் தீர்ந்ததும் அம்மா வந்துவிடுவாள் என்றேன். மூன்றையும் இப்போதே எறிந்துவிடலாமா என்று கேட்கிறாள்.

வலித்தது. ஆனால் அவள் என் மடியில் உட்கார்ந்துகொண்டுதான் அதைக் கேட்டாள்.

ஜூன் 9, புதன்

இறால் பிடித்து வைத்தாயிற்று, அக்காவுக்குப் பிடித்த மாதிரி. வீடு பெருக்கினேன். என்ன பேச வேண்டும் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மூன்றும் வாயில் நிற்கவில்லை. வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது, நல்ல குளிர். ஜன்னலில் ஒரு கல் பாக்கி.

நாளைக்குக் கேட்டுவிடுவேன்.

ஜூன் 14, திங்கள். ஓஹினெமுட்டு

இந்த நோட்டை ரெவி நேற்று தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார். அட்டை போய்விட்டது. எழுத வேண்டுமா? யாருக்கு? ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

புதன் ராத்திரி தரை ஆடி எழுப்பியது. நிற்காமல் ஆடியது. வெளியே ஓடிவந்தோம். ஏரிக்கு அப்பால் தாராவெரா மலை நெடுக நெருப்பு, அதற்கு மேலே கருமேகம், மேகத்துக்குள் மின்னல். முதலில் அழகாக இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழகாகத்தான் இருந்தது. ஊரே நின்று பார்த்தது.

பிறகு கல் விழுந்தது. பிறகு சேறு. வானத்திலிருந்து சேறு விழும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ரெவி போர்வையோடு தியாஹோவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால். ஊர் கூடும் பொது வீட்டுக்குள் போய்விட்டோம். அதன் கூரை செங்குத்து, சேறு வழிந்துவிடும். உள்ளே ஆண்கள் பெஞ்சுகளைத் தூக்கிக் கூரைக்கு முட்டுக்கொடுத்தார்கள். வெளியே வீடுகள் அமுங்குகிற சத்தம், ஒவ்வொன்றாக. யார் வீடு, யார் வீடு என்று எல்லோரும் சத்தத்தை வைத்துச் சொல்லப்பார்த்தார்கள்.

எல்லாக் குழந்தைகளும் அழுதன. இவள் அழவில்லை. கீழே இறங்கி, தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சித்தி, உங்க தரை நெஜமாவே முழிச்சிக்கிச்சு."

அய்யோ. அந்த நேரத்தில்கூட எனக்கு அக்கா ஞாபகம் வரவில்லை. கூரை, ரெவி, குழந்தை, அவ்வளவுதான். விடிய வேண்டிய நேரத்தில் விடியாமல் இருட்டாகவே இருந்தபோதுதான் பளிச்சென்று வந்தது. இன்னைக்கு வியாழக்கிழமை. அக்கா வரணும். இந்த ஏரியில எப்படி வருவா? வரமாட்டா, இல்ல? அங்கேயே இருந்திருப்பா. அங்கேன்னா எங்கே? அந்த மலைக்கு அடியில. அக்கா அந்த மலைக்கு அடியிலதானே இருந்தா —

ஹிரினி அண்ணனும் சிலரும் சனிக்கிழமை படகைச் சேற்றிலிருந்து இழுத்து ஏரியைக் கடந்து போனார்கள். மாலையில் திரும்பினார்கள். நான் துறையில் நின்றேன். அவர் படகிலிருந்து இறங்கவே இல்லை, உட்கார்ந்தபடியே சொன்னார்.

"தே அரிகி இல்ல. மோவுரா இல்ல. எங்க எறங்கறதுன்னே தெரியல, புள்ள. எல்லாம் சாம்பல்."

"பூவாய்?"

"சின்ன ஏரியே இல்ல."

"ஏரி இல்லன்னா?"

"ஏரி இருந்த எடத்துல ஒரு பள்ளம். உள்ள ஆவி. அடி தெரியல."

"படிங்க?"

"எந்தப் படி?" என்றார். முகத்தைத் துடுப்பில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 17, வியாழன்

நாங்கள் இப்போது ஓஹினெமுட்டில் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கிறோம். ஒரு வீட்டில் நாலு குடும்பம். ஊர் ஊராக நமக்கு இடம் கொடுக்கிறேன் என்று ஆள் வருகிறது. எல்லோரும் நல்லவர்கள், அதனாலேயே யாரிடம் போவதென்று தெரியவில்லை.

வெள்ளைக்காரர்கள் படிகள் போய்விட்டன என்று அழுகிறார்கள். ஹோட்டல்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் அப்படி இன்னொன்று கிடையாது என்று கண் கலங்கினார். ஆமாம் என்றேன். எனக்கும் அப்படி இன்னொருத்தி கிடையாது என்று சொல்லவில்லை.

படிகளுக்காகவும்தான் அழுதேன், இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? என் காலுக்குத் தெரிந்த ஒவ்வொரு வழுக்கலும் போச்சு. அந்தச் சின்னச் சீமாட்டி எழுதிய பெயரும் போச்சு. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அழியாது என்றேன். ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

தியாஹோ இங்கும் தூங்குவதில்லை. இந்த வீட்டுக்குப் பலகைத் தரை, மண்ணின் சூடு ஏறாது; கல் சுடவும் இடமில்லை. என் வயிற்றின் மேல் போட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 20, ஞாயிறு

ஜெபம் முடிந்து வந்தபோது ஹிரினி அண்ணன் வாசலில் நின்றிருந்தார். தோண்டித் தோண்டிக் கையெல்லாம் துணி சுற்றியிருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். உங்க அக்கா சொல்லாதேன்னா. இனிமே அவ என்னக் கோவிச்சுக்கவா போறா."

நான் பயந்துபோய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு சளின்னு சொல்லி அனுப்புனியே. அவகிட்ட போய்ச் சொன்னேன். சிரிச்சா. அப்படிச் சிரிச்சா. 'சளியாமே! பொறந்ததுலேர்ந்து அந்தக் குட்டிக்கு மூக்கு ஒழுகினதே இல்ல. என் தங்கச்சிக்குக் குழந்தையக் கொடுக்கத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது'ன்னா."

அவருக்கு அக்கா குரல் அப்படியே வரும். எப்போதும் அப்படிப் பேசிக்காட்டி எங்களைச் சிரிக்கவைப்பார்.

"நான் கேட்டேன், அப்ப கூட்டிட்டு வந்துடவான்னு. வேணாம்னா. 'நாலு வருஷம் எங்கிட்ட இருந்துச்சு. அவளுக்கு அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. வெச்சுக்கட்டும். குளிர் முடியறவரைக்கும் நீயே வெச்சுக்கோடின்னு வியாழக்கெழம போய் நானே என் வாயால சொல்றேன். நீ முந்திக்காதே. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் தெரிஞ்சா, வெக்கப்பட்டு அன்னைக்கே கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுவா'ன்னா. அதான் நான் வாயத் தெறக்கல."

அவர் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கொண்டுபோய் விட்டிருப்பேன். அக்கா சரியாகத்தான் சொன்னாள். தெரிந்த அன்றே, தலையைக் குனிந்துகொண்டு, அதே படகில் ஏறியிருப்பேன். பூவாயில் அவள் மடியில் விட்டுவிட்டு வந்திருப்பேன். ஊரிலேயே வாய் ஓயாத மனிதர் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தார், அதனால் இவள் இருக்கிறாள்.

ஆனால் நான் நேராகக் கேட்டிருந்தால்? அக்கா, எனக்கு இவளை விட மனசு வரல, நீயும் வந்து என்கூட இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? வந்திருப்பா. நான் கூப்பிட்டு அவ என்னைக்கு வராம இருந்தா? வியாழன் வரைக்கும் எதுக்கு அக்கா காத்திருந்தே? நான்தான் காக்க வெச்சேன். நான்தான்.

ரெவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழகிடாதே என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கும். அதைச் சொல்லவில்லை. என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜூன் 26, சனி

தே வைரோவாவுக்குப் போய் மீண்டும் தோண்டினோம். ஒரு இரும்புச் சட்டி, என் சீப்பு, கூடை. கூடையின் கைப்பிடி உடைந்திருந்தது. மற்றபடி முழுசாக இருக்கிறது. சேற்றைக் கழுவினால் அதே வெள்ளை.

ஜூலை 6, செவ்வாய்

இன்று அவளுக்கு மசித்த கிழங்கு ஊட்டும்போது, தவறியோ என்னவோ, "அம்மா, போதும்" என்றாள்.

நாலு வருடம் எதற்காக ஏங்கினேனோ அது. பேசாமல் இருந்துவிடலாம். நாலு வயதுக் குழந்தை, ஒரே மாதத்தில் பழகிவிடும். யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள்.

"சித்திடா கண்ணு. அம்மான்னா அது பெரியவ, மெரெபேகா," என்றேன்.

"தெரியும்," என்றாள், எனக்கு ஒன்றும் தெரியாதது போல.

அக்காவுக்கு இனி இவள் வாய்தான் இருக்கிறது. அம்மா என்கிற அந்தப் பெயரை அங்கிருந்து நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூலை 29, வியாழன்

வகாரேவரேவாவில் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ரெவி கம்பம் நட்டாயிற்று. குழி தோண்டும்போது கை சுட்டதாம்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

குடிவந்துவிட்டோம். கூரை பாதிதான். சுற்றிலும் ஆவி, கந்தக வாடை, பக்கத்தில் ஒரு குட்டை நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கிறது. தியாஹோ உள்ளே நுழைந்ததும் பாயைச் சுருட்டி ஓரமாக எறிந்துவிட்டுத் தரையில் கன்னத்தை வைத்தாள். அப்படியே கிடந்தாள். கூப்பிடப் பயமாக இருந்தது.

பிறகு எழுந்து, ஐந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆவி வருகிற பொந்தை அவளே கண்டுபிடித்தாள். இலையால் மூடினாள். நான் பக்கத்தில் குந்தினேன். இந்தத் தடவை பானை தேவைப்படவில்லை.

தின்னும்போது இருப்பதிலேயே சின்னதைத் தனியாக எடுத்து வெள்ளைக் கூடைக்குள் வைத்தாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளே பேசினாள்.

"சித்தி, எனக்குச் சளி போயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிவிடு. அப்ப வருவா."

ஹிரினி அண்ணனிடம் நான் சொன்னபோது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். கிழங்கு தின்றுகொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறேன். கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள். இரண்டு மாதமாக, தனக்குச் சளி இருப்பதால்தான் அம்மா வரவில்லை என்று இந்தச் சின்னத் தலைக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பானையில் வேகவைத்த கிழங்கைத் திரும்பக் குழிக்குள் வைக்க இனி என்னால் முடியாது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"உனக்குச் சளியே இல்லடி. சித்தி பொய் சொன்னேன்."

"ஏன்?"

"உன்ன என்கூட வெச்சுக்க. எனக்கு அனுப்ப மனசு வரல."

யோசித்தாள்.

"அம்மா வரமாட்டாளா?"

"வரமாட்டா, கண்ணு. அந்தத் தீவும் போச்சு, வீடும் போச்சு, அப்பாவும் அம்மாவும் அதுக்குள்ளயே போயிட்டாங்க. உன் சளியால இல்ல. உன்னால எதுவுமே இல்ல."

அழுதாள். நானும். ரெவி கூரைமேல் கட்டிக்கொண்டிருந்த நாரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓய்ந்த பிறகு, மூக்கை என் தோளில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீ பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"திட்டினாளா?"

"இல்ல. சிரிச்சா. வெச்சுக்கட்டும்னு சொன்னா."

அந்தச் சொல்லை அவள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையிலிருந்த கிழங்கை எடுத்து, ஒரு கடி கடித்துவிட்டு என் வாயருகே நீட்டினாள்.

"சுடும். ஊது."

ஊதினேன். இப்போது தரையில் தூங்குகிறாள், பாய் இல்லாமல். ரெவி கல் சுடவில்லை.